சுவர் விரிசல் இன்னும் நகர்கிறதா? எதை வைத்து அளப்பது?

சுவரில் விரிசல் கண்டதும் நம் வீடுகளில் என்ன செய்வோம்? மேஸ்திரியைக் கூப்பிடுவோம், அவர் உளியால் கொத்தி, சிமெண்டோ கிராக் ஃபில்லரோ அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த கோடையில் அதே இடத்தில், அதே சாய்வில் மறுபடியும் வெடிக்கும். எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண்ணில் நிற்கிறது. தென்மேற்கு மூலை அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறிய வெடிப்பை மூன்று முறை இப்படி அடைத்தோம். செலவான பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒவ்வொரு முறை அடைத்தபோதும் அந்த வெடிப்பு அதுவரை எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்கான தடயத்தையும் சேர்த்தே பூசி மறைத்துவிட்டோம், அதுதான் எனக்கு இப்போதும் வருத்தம். நான்காவது முறை அடைக்காமல் பதினான்கு மாதம் அளந்தேன். எதை வைத்து அளக்கலாம், எது வீண் என்று அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். எல்லா விரிசலும் அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய விரிசல் கிடையாது. கான்கிரீட் தூணில் வெடிப்பு, பீம் தூணோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வான வெடிப்பு, சுவர் வெளிப்பக்கமாகச் சாய்வது அல்லது வயிறு தள்ளுவது, சில நாளிலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அகலமாவது, பக்கத்து மனையில் பள்ளம் தோண்டியதும் திடீரென்று வருவது, இதில் எது இருந்தாலும் உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அந்த அறையில் படுக்காதீர்கள். கம்பி ஓடும் வரிசையிலேயே நீளமாக வெடித்து, துருக்கறை வழிகிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அதற்கும் அளவுகோல் தேவையில்லை, பழுது பார்க்கத்தான் வேண்டும்.

மற்ற விரிசல்களுக்கு வருவோம். கருவியைத் தேடிக் கடைக்குப் போவதற்கு முன், உங்களுக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இப்போது எவ்வளவு அகலம் என்பது ஒரு கேள்வி. நகர்கிறதா நின்றுவிட்டதா என்பது வேறு கேள்வி. எந்தத் திசையில் நகர்கிறது, வாய் திறக்கிறதா, ஒரு பக்கம் கீழே இறங்குகிறதா, முன்னால் பிதுங்குகிறதா என்பது இன்னொன்று. கடைசியாக, எவ்வளவு வேகமாக. ஒரு கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும் கருவி அடுத்த கேள்விக்கு வாயே திறக்காது. பெரும்பாலானவர்கள் தப்பான கருவி வாங்குவது இந்த இடத்தில்தான்.

அகலம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் கிராக் விட்த் கார்டு என்று ஒரு பிளாஸ்டிக் அட்டை கிடைக்கிறது. கண்ணாடி போன்ற அட்டையில் 0.1 மி.மீ. தொடங்கி வெவ்வேறு தடிமனில் கோடுகள் இருக்கும், விரிசல் மேல் வைத்து எந்தக் கோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டியதுதான். மலிவு, பையில் போட்டுக்கொள்ளலாம். அட்டை கிடைக்கவில்லை என்றால் மோட்டார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்த்துக்கூட ஓரளவு சொல்லிவிடலாம். கிடைத்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? செங்கல் சுவருக்கு இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையம் போட்ட வரிசை பரவலாகப் புழங்குகிறது: 0.1 மி.மீ.க்குள் என்றால் பொருட்படுத்த வேண்டாம், 1 மி.மீ. வரை மிக லேசானது, 5 மி.மீ. வரை லேசானது, 5 முதல் 15 வரை நடுத்தரம், கதவு ஜன்னல் இறுகிக்கொள்ளும் கட்டம் இது, 15 முதல் 25 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது. கான்கிரீட்டுக்கு இந்த வரிசையைப் பயன்படுத்தாதீர்கள். நம் நாட்டுக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456:2000 கான்கிரீட்டில் பொதுவாக 0.3 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறது, ஈரம் படும் இடத்தில் 0.2 தான். சுவரில் சாதாரணமாகத் தெரியும் ஒரு கோடு, தூணில் வந்தால் வேறு கதை.

ஆனால் இந்த அட்டையை வைத்து நகர்வைக் கண்காணிக்க முயன்றால் ஏமாந்துபோவீர்கள். விரிசலின் ஓரம் பொடிந்துகொண்டே இருக்கும், கையை ஒரு விரல் தள்ளி வைத்தால் வேறு எண் வரும், நான் பார்த்து 0.8 என்பேன், என் தம்பி பார்த்து 1.0 என்பான், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த 0.2 வித்தியாசம் சுவருடையதா கண்ணுடையதா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. போனில் எடுக்கும் போட்டோவும் அப்படித்தான், பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி வைத்து நேராக நின்று எடுத்தால் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அளவாக நம்ப முடியாது.

காசே செலவில்லாத ஒன்று இருக்கிறது, அதை எல்லோரும் செய்யுங்கள். விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு தேதி எழுதி வையுங்கள். அகலம் கூடாமல் நீளம் மட்டும் வளரும் விரிசல் உண்டு, எந்த கேஜும் அதைக் காட்டாது.

அடுத்து, நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம், விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டுவது, அல்லது ஒரு கை சிமெண்டை அப்பி மேலே தேதி கீறி வைப்பது. கண்ணாடி உடைந்தால், சிமெண்ட் வெடித்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். கேட்க நன்றாக இருக்கிறது. சிமெண்ட் காயும்போது தானாகவே சுருங்கி வெடிக்கும், அதைப் பார்த்து வீடு நகர்கிறது என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் இந்தத் தொல்லை குறைவு. கண்ணாடியில் வேறு சிக்கல்: நான் முதலில் ஒட்டியது அதைத்தான், ஒரு மாதம் அப்படியே முழுசாக இருந்தது, விரிசல் நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன், பிறகு தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் பசை விட்டுக் கண்ணாடி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சரியாக ஒட்டி உண்மையிலேயே உடைந்தாலும், உடைந்தது என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம், திரும்ப மூடியதா, ஒன்றும் தெரியாது. அதற்குமேல் புதுக் கண்ணாடி ஒட்ட வேண்டும். நகர்கிறதா இல்லையா என்று ஒரே ஒரு முறை அவசரமாகத் தெரிய வேண்டும் என்றால் மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

டெல்-டேல் என்று சொல்கிற பிளாஸ்டிக் கேஜ் இதைவிட எவ்வளவோ மேல். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். அடித் தகட்டில் மி.மீ. கட்டங்கள், மேல் தகடு கண்ணாடி போல இருக்கும், அதில் கூட்டல் குறி மாதிரி ஒரு கோடு. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒட்டிவிட்டால், சுவர் நகர நகர அந்தக் குறி கட்டத்தின் மேல் நகரும். கிடைமட்டமும் செங்குத்தும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும், அதுதான் இதன் பெரிய பலம். வீட்டில் வயதானவர்கள் இருந்தாலும் அவர்களே பார்த்துக் குறித்து வைக்கலாம். மூலைக்கென்று வளைந்த வடிவமும், தரைக்கென்று வேறு வடிவமும் கிடைக்கின்றன. பலவீனம் என்னவென்றால் 1 மி.மீ. கட்டத்தில் அரை மி.மீ. வரைதான் கண்ணால் நம்பிக்கையாகச் சொல்ல முடியும். பார்க்கும்போது நேர் எதிரே கண்ணை வைக்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் அளவே மாறும். டபுள் டேப்பில் மட்டும் ஒட்டாதீர்கள், வெயிலில் இளகிவிடும். ஸ்க்ரூவும் எபாக்ஸி பசையும் சேர்த்துப் போடுங்கள், பசை நன்றாக இறுகும்வரை இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் முளைகளைப் பிடுங்காதீர்கள். நகர்வு பெரிதாக இருக்கிறது, சில மி.மீ. போகும் என்று தெரிந்தால் இதுவே போதும்.

என் வீட்டு வெடிப்புக்கு அது போதவில்லை, ஏனென்றால் பெரும்பாலான மாதங்களில் அரை மி.மீ.க்கும் குறைவாகத்தான் நகர்ந்தது. அதற்கு நான் கண்ட வழி மூன்று பித்தளை ஸ்க்ரூவும், இரண்டு தாடைகளால் பிடித்துத் தூரத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றும். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது, கட்டட இன்ஜினியர்கள் பல காலமாகச் செய்வது. ஆனால் வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சாதாரண வீட்டுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்பது என் முடிவு.

போடும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். விரிசலுக்கு இடது பக்கம் ஒரு ஸ்க்ரூ, அதை 'அ' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மட்டத்தில் வலது பக்கம் 75 மி.மீ. தள்ளி 'ஆ'. 'ஆ'வுக்கு நேர் கீழே, அதுவும் விரிசலுக்கு வலது பக்கமே இருக்கும்படி, 75 மி.மீ. இறக்கி 'இ'. செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. விரிசல் சாய்வாக ஓடினால் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தி, 'ஆ'வும் 'இ'யும் ஒரே பக்கம் விழும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். 75 என்று சொல்வதற்குக் காரணம், சாதாரண 150 மி.மீ. காலிப்பரில் சாய்வு அளவும் தாராளமாக அடங்க வேண்டும். ஸ்க்ரூ வெறும் பூச்சில் நிற்கக்கூடாது, செங்கலுக்குள் போக வேண்டும், இது ரொம்ப முக்கியம். சுவரைத் தட்டிப் பாருங்கள், டொப் டொப் என்று வெற்றொலி வந்தால் பூச்சு செங்கலை விட்டு விலகியிருக்கிறது, அங்கே அளந்தால் பூச்சின் நகர்வைத்தான் அளப்பீர்கள். பிளாஸ்டிக் பிளக் போடாமல் துளையில் எபாக்ஸியை நிரப்பி ஸ்க்ரூவை இறக்குங்கள், பிளக் காலப்போக்கில் ஆடும். இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும், துரு ஏறினால் அளவு மாறும், அதனால்தான் பித்தளை. தலை உருண்டையாக, சுவரிலிருந்து ஐந்து ஆறு மி.மீ. வெளியே நிற்கட்டும், காலிப்பரின் தாடைகள் வெளிப்பக்கம் பிடிக்க வசதியாக இருக்கும். இரண்டு நாள் விட்டு முதல் அளவை எடுங்கள்.

ஒவ்வொரு முறையும் மூன்று தூரத்தையும் அளக்க வேண்டும். 'அ-ஆ' கூடினால் விரிசல் வாய் திறக்கிறது. 'அ-இ' சாய்வுத் தூரம், அதில் திறப்பும் இறக்கமும் கலந்திருக்கும். பிரிப்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: 'அ-இ' கூடிய அளவை 1.41-ஆல் பெருக்கி, 'அ-ஆ' கூடிய அளவைக் கழியுங்கள், வலது பக்கம் எவ்வளவு இறங்கியது என்று வந்துவிடும். 'அ-ஆ' 0.40 கூடி, 'அ-இ' 0.70 கூடியிருந்தால், 0.99 கழித்தல் 0.40, ஆக 0.59 மி.மீ. இறக்கம். கழித்தல் குறியோடு விடை வந்தால் வலது பக்கம் ஏறியிருக்கிறது, அல்லது இடது பக்கம் இறங்கியிருக்கிறது.

'ஆ-இ' எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டும் விரிசலுக்கு ஒரே பக்கம் இருப்பவை, அவற்றின் தூரம் மாறவே கூடாது. மாறினால் அது உங்கள் கையின் பிழை, அல்லது ஒரு ஸ்க்ரூ ஆடுகிறது. எனக்கு 'ஆ-இ' ஒவ்வொரு முறையும் 0.04 மி.மீ. வரை முன்னே பின்னே வந்தது, அதை வைத்து என் அளவில் 0.1 மி.மீ.க்குக் குறைந்த எந்த மாற்றத்தையும் நான் நகர்வாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை அதிகமான பல கருவிகளில்கூட இப்படித் தன்னைத்தானே சரிபார்க்கும் வசதி கிடையாது.

காலிப்பர் எது வாங்குவது? 0.02 மி.மீ. அளக்கும் சாதாரண ஸ்டீல் வெர்னியர் போதும். டிஜிட்டல் வாங்கினால் படிக்கச் சுலபம், ஆனால் பட்டன் பேட்டரி இறங்கும்போது மலிவான கருவிகள் தாறுமாறாக எண் காட்டும், ஒவ்வொரு முறையும் தாடையை மூடி சுழியம் வருகிறதா என்று பாருங்கள். முழுக்க பிளாஸ்டிக்கில் வருவதை வாங்காதீர்கள், அழுத்தினால் வளையும். முக்கியமாக, கடைசிவரை ஒரே காலிப்பர், முடிந்தால் ஒரே ஆள்.

கருவியைவிட எந்த நேரத்தில் அளக்கிறீர்கள் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மி.மீ. நீளும். அற்பமாகத் தெரியும், ஆனால் 10 மீட்டர் நீள மொட்டைமாடித் தளம் 20 டிகிரி சூடேறினால் 2 மி.மீ. நீண்டுவிடும். தளத்துக்கு அடியில் சுவர் நெடுகக் கிடைமட்டமாக ஓடும் அந்த விரிசல், எத்தனை முறை அடைத்தாலும் திரும்ப வருவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் எப்போதும் விடிந்த கையோடு, வெயில் சுவரில் படுவதற்கு முன் அளங்கள், வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். இதையே திருப்பிப் போட்டால் நல்ல சோதனை ஒன்று கிடைக்கும்: கத்திரி வெயில் நாளில் காலை ஆறு மணிக்கும் மாலை நாலரைக்கும் அளந்து பாருங்கள். ஒரே நாளில் விரிசல் அசைந்து, மறுநாள் காலை பழைய அளவுக்கே வந்துவிட்டால் அந்த அசைவுக்கு வெயில்தான் காரணம், அதை வைத்து அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட வேண்டாம்.

எவ்வளவு காலம்? கரிசலிலோ களிமண்ணிலோ வீடு இருந்தால் ஒரு வருஷத்துக்குக் குறைந்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்த மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வாய் பிளக்கும், வயக்காட்டில் கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழேயும் அதே மண்தான். நான் மாசியில் தொடங்கினேன். வைகாசிக்குள் 0.85 மி.மீ. திறந்தது, எனக்குப் பயம் வந்துவிட்டது, அப்போதே அஸ்திவாரத்தைத் தோண்டி வேலை பார்க்கலாமா என்று யோசித்தேன். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெரிதாக எட்டிப் பார்க்காது, புரட்டாசி முதல் வாரம் 1.3 வரை போனது. ஐப்பசி மழை பிடித்ததும் மெல்ல மூடத் தொடங்கி, மார்கழியில் வெறும் 0.1-இல் வந்து நின்றது. அடுத்த சித்திரையில் மறுபடி 0.5. ஒரே பக்கம் போய்க்கொண்டே இருக்கும் விரிசல் வேறு, போய்த் திரும்பும் விரிசல் வேறு, எங்களுடையது இரண்டாவது வகை என்று அந்த நோட்டு காட்டியது. நான்கு மாதத்தில் நிறுத்தியிருந்தால் முதல் வகை என்றுதான் நினைத்திருப்பேன். வாரம் ஒரு முறை முதல் இரண்டு மாதம், பிறகு மாதம் இரு முறை, பெரிய மழைக்குப் பிறகு கூடுதலாக ஒரு முறை, இந்தக் கணக்கு போதும்.

எலக்ட்ரானிக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராக் மீட்டர் என்று வருபவற்றில் வைப்ரேட்டிங் வயர் வகை பெயர் பெற்றது: உள்ளே இழுத்துக் கட்டிய மெல்லிய ஸ்டீல் கம்பி, விரிசல் அசைந்தால் கம்பியின் இறுக்கம் மாறும், காந்தச் சுருளால் அதைச் சுண்டி எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று பார்த்து நகர்வைக் கணக்கிடுவார்கள். வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவது போலத்தான். வருஷக்கணக்கில் நிலையாக வேலை செய்யும், நீளமான கேபிளிலும் சிக்னல் கெடாது, டேட்டா லாகரில் இணைத்தால் மணிக்கு ஒரு முறை தானே பதியும். 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்து வீடுகள் வெடித்தபோது, ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வீடுகளில் கிராக் மீட்டர் பொருத்திக் கண்காணித்தார்கள். பக்கத்தில் மெட்ரோ சுரங்கமோ அடித்தள பார்க்கிங்குக்கு ஆழமான பள்ளமோ தோண்டுகிறார்கள் என்றால் இதுதான் சரியான கருவி, ஏனென்றால் அங்கே இரவு இரண்டு மணிக்கு நடக்கும் மாற்றமும் தெரிய வேண்டும், அளவு எல்லை தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும். அதைப் பொருத்தும் செலவைத் தோண்டுகிறவரிடம் கேளுங்கள், வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள், இருக்கிற விரிசல்களை இரு தரப்பும் சேர்ந்து போட்டோ எடுத்துக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனி வீட்டில் மெல்ல நகரும் விரிசலுக்கு இந்த வகையை நான் சொல்ல மாட்டேன். கருவி, லாகர், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும், தெரியவருவது காலிப்பர் சொன்னதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, விரிசலில் மாட்டும் எந்தக் கருவியும் வீடு முழுக்க என்ன ஆகிறது என்று சொல்லாது. சுவர் சாய்கிறதா என்று பார்க்க மாடியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, மேலேயும் கீழேயும் சுவருக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தைக் காற்றில்லாத நேரம் அளந்து எழுதுங்கள். மூலை இறங்குகிறதா என்பதற்குக் மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப் போதும், பேஸ்மெண்ட் மட்டத்தில் நான்கு மூலையிலும் குறி போட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள், ஓரிரு மி.மீ. பிழை இருக்கும், ஆனால் ஐந்து மி.மீ. இறங்கியிருந்தால் மறைக்காது. டியூபில் காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த நோட்டை இன்ஜினியரிடம் நீட்டியபோது அவர் முதலில் கேட்டது மழை பெய்த தேதிகளையும் அந்த மூலைக்குப் பக்கத்தில் மரம் உண்டா என்பதையும்தான். வேம்பு ஒன்று நான்கு அடி தள்ளி நிற்கிறது, மாடித் தண்ணீரும் அந்த மூலையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. மண் ஒரு பருவம் ஊறி, ஒரு பருவம் வேரால் உறிஞ்சப்பட்டுக் காய்ந்தது புரிந்தது. அஸ்திவாரத்தைத் தொட வேண்டாம் என்றார். மாடித் தண்ணீர்க் குழாயைத் தூரமாக நீட்டி, வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் தளம் போட்டோம். வெடிப்பை மார்கழியில் அடைக்காமல், பாதி திறந்திருக்கும் சித்திரையில், இழுபட்டால் நெகிழும் சீலண்ட் வைத்து அடைத்தோம். மூன்று ஸ்க்ரூவையும் பிடுங்கவில்லை. பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் தலையில் பெயிண்ட் படாமல் டேப் சுற்றச் சொன்னேன், இப்போதும் மாதம் ஒரு முறை காலையில் அளந்து அதே நோட்டில் எழுதுகிறேன்.